கனத்த ராசிக்காரியும் சீனத்து ஸ்கூட்டரும்

என் தம்பி கியெம் வாங்கிய சீனத்து ஸ்கூட்டரில் முதன்முதலாக உட்கார்ந்தவள் நான். பெருமைக்காகச் சொல்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். புது வண்டியில் யார் முதலில் உட்காரவே கூடாது என்று எங்கள் ஊரில் கேட்டிருந்தால், எல்லாக் கையும் என் பக்கம்தான் நீண்டிருக்கும்.

எங்கள் ஆற்றங்கரை ஊர்களில் ஆளுக்கு ஆள் ராசியில் எடை உண்டு. சிலருக்கு லேசு, தொட்டது துலங்கும். சிலருக்குக் கனம், தொட்டது விளங்காது. என்னுடையது கனம். அதை நிறுத்துப் பார்த்துச் சொன்னவர் தாக் பெரியப்பா. அவர் என் அப்பாவோடு கூடப் பிறந்தவர் இல்லை. என் அப்பாவின் தாத்தாவும் அவருடைய தாத்தாவும் ஒரு தகப்பனுக்கு இரண்டு தாரத்துப் பிள்ளைகள். அவர்கள் மூத்த தாரம், நாங்கள் இளைய தாரம். அந்த இரண்டு பெண்களும் மண்ணாகி எத்தனையோ காலம் ஆகியும், விருந்தில் மரியாதைப் பங்கான கோழித் தலை யாருக்கு என்பதில் மட்டும் அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள்.

எனக்கு ஒன்பது வயசில், புத்தாண்டு விடியற்காலையில், இரவல் வாங்கிய சல்லடையைத் திருப்பிக் கொடுக்க அவர் வீட்டுக்கு ஓடினேன். வருஷத்தின் முதல் ஆளாக வாசல் மிதிப்பவரின் ராசிதான் அந்த வீட்டுக்கு அந்த வருஷ ராசி. அந்த வருஷம் அவர் பன்றிகள் மூன்றும் செத்தன. ஊரில் எல்லார் வீட்டுப் பன்றியும் காய்ச்சல் வந்துதான் செத்தது. அவர் வீட்டுப் பன்றிகள் மட்டும் என் காலால் செத்தன.

அதிலிருந்து, சந்தையில் காலையில் முதல் ஆளாக நான் போய் நின்றுவிட்டு எதுவும் வாங்காமல் திரும்பினால், என் முதுகுக்குப் பின்னால் கறிக்காரி ஒரு துண்டுக் காகிதத்தைக் கொளுத்திக் கடையைச் சுற்றி வீசுவாள். என் ராசி அந்தப் புகையோடு போய்விடுமாம். புகை வாசனை வந்தால் 'சரி, நான் வந்துவிட்டுப் போகிறேன்' என்று எனக்கே தெரியும். இதில் பெரிய கூத்து என் பிழைப்பு. நான் விற்றது அவித்த வாத்து முட்டை, உள்ளே குஞ்சு பாதி வளர்ந்தது. சீட்டில் தோற்றவன், பரீட்சையில் தோற்றவன், மாமியாரிடம் தோற்றவள் எல்லாரும் பீடை கழிய அதைத்தான் ஒற்றைப்படையில் வாங்கித் தின்பார்கள். ஊர்ப் பீடையைக் கழிக்கிற முட்டையை ஊரிலேயே பீடை பிடித்த கை விற்றது. யாருக்கும் அது முரணாகத் தெரியவில்லை. எனக்கும் வியாபாரம் நடந்தது.

என்னைப் பெண் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் வரும் வழியில் படகிலிருந்து விழுந்து நனைந்து திரும்பிவிட்டார். இரண்டாமவர் முதலாமவரை வழியில் பார்த்துப் பேசிவிட்டார். அவ்வளவுதான் என் கல்யாணக் கதை.

ஆனால் பிள்ளை ஒன்றை வளர்த்தேன். கியெமும் அவன் மனைவி தோமும் நிலக்கரிச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனபோது, மூன்று வயசு மகன் வின்னை என்னிடம் விட்டுப் போனார்கள். பள்ளியில் பாதி முடியும் வரை அவன் என் கொசுவலைக்குள்தான் தூங்கினான். அவனுக்கு என் ராசி ஒன்றும் செய்யவில்லை. சளி பிடித்தது, போயிற்று. அந்த வின்னுக்குத்தான் கல்யாணம் நிச்சயமானது. பெண் ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம், பெயர் லுவா. வெற்றிலை பாக்கோடு நாங்கள் சைக்கிளில் போய் இறங்கியபோது லுவாவின் அம்மா தேநீரை ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "கல்யாணத்தன்னிக்கும் சைக்கிள்தானா, சம்பந்தி?"

அடுத்த வாரம் கியெம் எருமையை விற்றான்.

அந்த வருஷம்தான் சீனத்து வண்டிகள் எல்லை தாண்டி வந்து குவிந்தன. ஒரு ஜப்பான் வண்டியின் விலைக்கு அதில் மூன்று வாங்கலாம். ஜப்பான் வண்டியின் முகத்தை யாரோ பேருந்து ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் வரைந்த மாதிரி இருக்கும். கால் வைக்கத் தட்டையான இடம், நெல் மூட்டை வைக்கலாம். சிவப்பு நிறம். கடைக்காரன் சொன்னது ஒன்றே ஒன்று: ஐந்நூறு கிலோமீட்டர் ஓடி முடியும் வரை முப்பதைத் தாண்டக்கூடாது, தாண்டினால் எஞ்சின் ஆயுசுக்கும் இருமும்.

முதல் ஓட்டத்துக்கு நல்ல நாள் மறுநாள் என்று பெரியப்பா சொன்னதால், வண்டி அன்றைக்கு லாரியில் ஏறி வந்து முற்றத்தில் நின்றது. முதலில் ஏறி உட்காருவதற்குத் தலைமை வாத்தியாரிடம் சொல்லியிருந்தார்கள். இரண்டு ஆண் பிள்ளைகள், உயிரோடு இருக்கும் தாய் தகப்பன், சொந்தமாக ஜப்பான் வண்டி. இதைவிட லேசான ராசி ஊரில் கிடையாது.

புது வண்டி வாங்கினால் அரிசிச் சாராயத்தால் சொந்தக்காரர்களின் தொண்டையைக் கழுவ வேண்டும். அதற்குப் பெயர்தான் வண்டி கழுவுவது. கழுவிக்கொண்டிருந்தார்கள். தூறல் விழுந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. வண்டி நனைகிறதே என்று நான் போய்க் கூரைக்கு அடியில் தள்ளப் பார்த்தேன். எங்கள் முற்றம் கிணற்றுப் பக்கம் சரிவு. வண்டி என் பேச்சைக் கேட்காமல் சரிவில் இறங்கியது. நான் விடவில்லை. கூடவே ஓடினேன், பிறகு ஓட முடியவில்லை, பிறகு எப்படியோ சீட்டின் மேல் இருந்தேன். பாயில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் முன்னால், ராணி மாதிரி முதுகை நிமிர்த்திக்கொண்டு, நேரே வைக்கோல் போருக்குள் போனேன்.

வைக்கோலிலிருந்து தலையை வெளியே எடுத்தபோது பெரியப்பா எழுந்து நின்றிருந்தார்.

"லுயேன்! உனக்கு வேற எடமே கெடைக்கலையா?"

"நான் உக்காரல பெரியப்பா. அதுதான் என்னை உக்கார வெச்சுது."

"போச்சு," என்றாள் தோம். "எரும போச்சு, இப்ப இதுவும் போச்சு."

மறுநாள் காலை வாத்தியார் வெள்ளைச் சட்டையில் வந்தார், சாவியைத் திருகினார், உதைத்தார். வண்டி தும்மியது. மறுபடி உதைத்தார். பெட்ரோல் வாசனை வந்தது, சத்தம் வரவில்லை. அவர் சட்டை ஈரமாகும் வரை உதைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். நானும் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

"பயப்படாதீங்க, நெருப்பு தாண்ட வெச்சா சரியாயிடும்," என்றார் பெரியப்பா. துக்க வீட்டுத் துணியில் எழுதுகிற அளவுக்கு அவருக்குப் பழைய சீன எழுத்து தெரியும். வண்டியோடு வந்த சீனப் புத்தகத்தைத் தூரத்தில் பிடித்துப் படித்தார். "இதோ பாருங்க, புத்தகத்திலேயே போட்டிருக்கான். நெருப்பு." அந்த எழுத்துக்கு முன்னாலும் பின்னாலும் என்ன எழுதியிருந்தது என்று அவருக்குத் தெரியாது. எங்களுக்கு அந்த ஓர் எழுத்தும் தெரியாது.

செய்தித்தாளைக் கொளுத்தித் தரையில் வைத்தார்கள். ராசி கழிய நெருப்பைத் தாண்டுவதில் ஆணுக்கு ஏழு முறை, பெண்ணுக்கு ஒன்பது முறை. அங்கே ஒரு சிக்கல் வந்தது.

"வண்டி ஆம்பளையா, பொம்பளையா?" என்றார் வாத்தியார்.

"வேளாவேளைக்குக் குடிக்குது, சொன்னா வேலை செய்ய மாட்டேங்குது," என்றாள் தோம். "ஆம்பளதான்."

ஏழு என்று முடிவானது. கியெம் ஒரு பக்கமும் வின் ஒரு பக்கமும் பிடித்து வண்டியை நெருப்பின் மேல் உருட்டினார்கள். ஒன்று. இரண்டு. வாத்தியார் உதைத்த உதையில் பெட்ரோல் டியூப் நழுவிச் சொட்டிக்கொண்டிருந்தது யார் கண்ணிலும் படவில்லை. மூன்றாவது முறை வண்டியே பெரிய விளக்கு மாதிரி பற்றிக்கொண்டது. கியெம் கைக்கு எட்டிய குடுவையை எடுத்து ஊற்றினான். அது முந்தின நாள் மிச்சமிருந்த சாராயம். பெரியப்பாவின் தாடியில் பாதி அதில்தான் போயிற்று.

நான் முட்டைக் கூடையை மூடியிருந்த ஈரச் சாக்கை இழுத்து வண்டியின் மேல் போட்டு அதன் மேலேயே விழுந்தேன். நெருப்பு அணைந்தது. சீட்டில் பாதியும் பின் மட்கார்டும் கருகிப் போயின. என் முட்டைகள் ஒன்றுகூட உடையவில்லை என்பதை நான் சொன்னபோது யாரும் சந்தோஷப்படவில்லை.

"பாத்தியா அவ ராசிய?" என்றார் பெரியப்பா, தாடியைத் தடவி, பாதியில் கை நின்றது. "புடிச்ச நெருப்பையே அமுக்கிடுச்சு."

அதற்குப் பிறகு அந்த வண்டியைத் தொட ஆள் இல்லை. விற்கப் பார்த்தார்கள். கேள்விப்பட்டவர்கள் வீட்டு வாசலைக்கூடச் சுற்றிப் போனார்கள். வின் வெல்டிங் பட்டறையில் வேலை செய்பவன். டியூபைப் பழைய சைக்கிள் ரப்பரால் கட்டினான், அடைப்பெடுத்தான். வண்டி உயிர் பெற்றது. ஆனால் ஓட்ட விட்டால்தானே.

"அண்ணி, நீங்கதான ஆரம்பிச்சு வெச்சீங்க, நீங்களே ஓட்டிப் பழக்குங்க," என்றாள் தோம். கேலிக்குத்தான் சொன்னாள். நான் சரி என்றேன். வின் ஓட்டக் கற்றுக் கொடுத்தான். அப்போது எனக்கு ஐம்பத்து மூன்று வயசு. பிரேக் எது, ஆக்சிலேட்டர் எது என்பதை ஒரு வாத்துக் கூட்டமும் ஒரு மூங்கில் வேலியும் எனக்கு விளங்க வைத்தன.

ஆனால் ஒரு விஷயத்தில் அந்த வண்டி என்னிடம் வந்ததுதான் சரி. வயசுப் பையன்களால் முப்பதில் ஓட்ட முடியாது, கை அரிக்கும். நான் முப்பது வருஷமாகக் கரை மேட்டுச் சாலையில் சைக்கிளில் முட்டை கொண்டு போனவள். எந்தப் பள்ளம் எங்கே இருக்கிறது, எதைச் சுற்ற வேண்டும், எதில் இறங்கி ஏற வேண்டும் என்று என் இடுப்புக்கே தெரியும். முட்டையும் புது எஞ்சினும் ஒரே ஜாதி. இரண்டுக்கும் குலுக்கல் ஆகாது. கருகிய சீட்டில் சாக்கு மடித்துப் போட்டு, முன்னால் கூடையை வைத்து, சந்தைக்குப் போய்வந்தேன். பள்ளம் கண்ட இடத்தில் நான் பத்துக்கு இறங்கிவிடுவேன், பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் என்னைத் தாண்டிப் போனார்கள்.

"அத்த, எறங்கித் தள்ளுங்க, சீக்கிரம் போயிடலாம்!"

"போடா, நீ போற எடத்துக்கு நானும் வருவேன். எம் முட்டையும் வரும்."

எருமை ஒன்று என்னைத் தாண்டியது என்று ஊரில் சொன்னார்கள். பொய். அது ஓடிக்கொண்டிருந்தது, என்னைப் பார்த்து மிரண்டு.

ஐந்நூறு முடிந்தது. கடைக்காரன் சொன்னபடி இனி வேகமாகப் போகலாம். எனக்குக் கை வரவில்லை. முள் முப்பத்தொன்றைத் தொட்டாலே பிரேக்கைப் பிடித்தேன். வண்டியைப் பழக்கினேனா, வண்டி என்னைப் பழக்கியதா என்று தெரியவில்லை.

அறுப்பு முடிந்து கல்யாணம் நெருங்கியது. பெண் அழைத்து வரப் போகிறவர்களைப் பெரியப்பா ஒவ்வொருவராகச் சொன்னார். இணை பிரியாத தம்பதிகள், பேரன் பேத்தி எடுத்தவர்கள், ராசி லேசானவர்கள். என் முறை வந்தபோது, "லுயேன் அடுப்பப் பாத்துக்கட்டும். அவளுக்குக் கைப்பக்குவம் உண்டு," என்றார். ஐம்பத்து மூன்று வயசு வரை அரிசி குழையவிட்டவள் நான். எனக்கு ஏது கைப்பக்குவம்?

"ஆமாமா, அடுப்பு எரியுதா இல்லையான்னு பாக்க என்னை விட்டா யாரு இருக்கா," என்று சிரித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பையனுக்கு முதல் பல் விழுந்தபோது கூரை மேல் எறிந்தவள் நான். அவன் பெண்டாட்டியை அழைத்துவரப் போகிறபோது நான் பானை பார்க்க வேண்டும். அன்றைக்குச் சந்தையில் கணக்குத் தப்பிச் சில்லறை கொடுத்துவிட்டேன்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் வின் வந்தான். கூடவே லுவா, தலையில் கூம்புத் தொப்பியை முகம் வரை இறக்கிக்கொண்டு. கல்யாணப் பெண் அந்த நேரத்தில் வரக்கூடாது. உட்கார்ந்ததும் அவள் அழத் தொடங்கினாள்.

"மூணு மாசம், அத்த," என்றான் வின், தரையைப் பார்த்து.

"எத்தன மாசம்னு எனக்குத் தெரியும். போன சந்தையில என் முட்டை வாசனைக்கே ஓடினாளே."

"ஒரு தடவ லேசா ரத்தம் பட்டுச்சாம். குலுங்கவே கூடாதுன்னு நர்சம்மா சொல்லியிருக்காங்க. நம்ம கரை ரோடு உங்களுக்குத் தெரியும்."

"நீ மெதுவா ஓட்டு."

"இவளக் கூட்டி வர வாத்தியார் வண்டிய இரவல் கேட்டிருக்கு, அதுல நான் மெதுவா போனா ஏன்னு கேப்பாங்க. கேட்டா தெரிஞ்சிடும். தெரிஞ்சா தாக் பெரிய தாத்தா இவள..."

அவன் முடிக்க வேண்டியதில்லை. வயிற்றோடு வருகிற மருமகளை எங்கள் பக்கத்தில் முன்வாசலில் ஏற்றமாட்டார்கள். கொல்லைப்புறம் சுற்றி, அடுப்படி வழியாகத்தான் நுழைய வேண்டும். ஊரே பார்க்க.

லுவா மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நீங்க மெதுவா போனா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க, அத்த."

என் வாழ்க்கையில் என்னை இப்படி யாரும் புகழ்ந்தது இல்லை. நான் பானையைப் பார்க்கப் போவதில்லை என்று அப்போதே முடிவு செய்தேன்.

கல்யாணத்தன்று ஜப்பான் வண்டிகள் பூக்கட்டிப் புறப்பட்டன. அவை கண்ணுக்கு மறைந்த பிறகு, புதுச் சட்டையோடு, சாக்கின் மேல் சிவப்புத் துணி விரித்து நான் புறப்பட்டேன். போய்ச் சேர்ந்தபோது அவர்கள் தேநீர் குடித்து முடித்து எழுந்துகொண்டிருந்தார்கள்.

பெரியப்பா வாசலுக்கே வந்துவிட்டார். "இங்க என்ன பண்ற? அடுப்பு?"

"எரியுது பெரியப்பா. பாத்துட்டுத்தான் வந்தேன்."

அதற்குள் வின், நாங்கள் பேசி வைத்தபடி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்: "என் பொண்டாட்டி இரவல் வண்டில வர மாட்டா. எங்கப்பா எரும வித்து வாங்கின வண்டி இருக்கு, அதுலதான் வருவா. அத்தை உதைச்சாத்தான் அது கெளம்பும், அதனால அத்தைதான் ஓட்டணும்."

"எவ? இவளா? கல்யாணப் பொண்ணையா?" பெரியப்பாவின் புதுத் தாடி நடுங்கியது. "வாத்தியாரே, நீங்க சொல்லுங்க!"

வாத்தியார் தன் வண்டிப் பூவைச் சரிசெய்தார். லுவாவின் அம்மா என்னைப் பார்த்தாள். ஒரு தாய்க்குத் தெரியாமல் எதுவும் இருக்குமா? "சொந்த வண்டின்னா சொந்த வண்டிதான்," என்றாள். "எம் பொண்ணு இதுலதான் வருவா, சம்பந்தி." லுவா யாரும் வாயைத் திறக்கும் முன் ஏறி உட்கார்ந்து என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

பெண் ஏறிய வண்டியை யாரும் முந்தக்கூடாது. அது முறை. ஆகவே அன்றைக்கு அத்தனை ஜப்பான் வண்டிகளும் என் பின்னால் முப்பதில் வந்தன. முப்பதுகூட இல்லை, பதினைந்தோ பத்தோ. வின் வேறொரு வண்டியில் பக்கத்தில் வந்தான், காலைத் தரையில் தேய்த்துக்கொண்டு. பின்னால் ஹாரன்.

"லுயேன்! பதினொண்ணுக்குள்ள வாசல் ஏறணும்! தெரியுமில்ல?"

"தெரியும் பெரியப்பா! வண்டி புதுசு!"

"ஐந்நூறு எப்பவோ முடிஞ்சுதே!" இது தோம்.

"முடிஞ்சுது! அதுக்குத்தான் மறந்துபோச்சு!"

ஒவ்வொரு பள்ளமாகச் சுற்றினேன். உடைந்த மதகில், பெண்ணை முன்னால் நடக்கச் சொல்லலாமா என்று யோசித்து, இடுப்பை நம்பி, வண்டியைத் தண்ணீர் மாதிரி இறக்கி ஏற்றினேன். என் முதுகில் அவள் மூச்சை அடக்குவது தெரிந்தது, பிறகு விடுவது. "ஒண்ணும் இல்லையே?" என்றேன். "ஒண்ணும் இல்ல அத்த," என்றாள்.

எங்கள் வாசலுக்கு வந்தபோது பட்டாசுக்குப் பதில் கூட்டுறவுச் சங்கத்து ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. பெரியப்பா வாத்தியாரின் வண்டியிலிருந்து குதித்து எனக்கு முன்னால் ஓடினார். இடுப்பிலிருந்து சுருட்டிய செய்தித்தாளை எடுத்தார். எதற்கும் இருக்கட்டும் என்று கொண்டு வந்திருக்கிறார். நான் ஏற்றி வந்த பெண்ணை என் ராசியோடு உள்ளே விடுவாரா? தீக்குச்சியை உரசினார்.

அப்போது ஒரு சத்தம் வந்ததே! தோம், கியெம், வாத்தியார், பின்னால் வந்த அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்: "நெருப்பு வேணாம்!" அந்த வண்டியையும் நெருப்பையும் சேர்த்துப் பார்த்தவர்கள் அவர்கள். வாத்தியார் பாய்ந்து குச்சியை ஊதி அணைத்தார். பெரியப்பா தகப்பனுக்குச் சமமானவர் என்றுகூடப் பார்க்காமல் கியெம் தீப்பெட்டியைப் பிடுங்கினான். "பெரியப்பா, உங்களுக்குத் தாடி இன்னும் பாதிதான் வளந்திருக்கு!"

பெரியப்பா கொளுத்தாத காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஒலிபெருக்கியில் பதினொரு மணிச் செய்தி முடிந்து விளைச்சல் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"மணி என்ன?" என்று கேட்டார் வாத்தியார்.

பெரியப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இறங்கி நின்ற லுவாவைப் பார்த்தார், அவள் வயிற்றுக்கு முன்னால் பிடித்திருந்த பூச்செண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என்ன புரிந்ததோ, எவ்வளவு புரிந்ததோ. நான் இன்றுவரை கேட்கவில்லை.

"இன்னும் பதினொண்ணு ஆகல," என்றார். "முன்வாசல் வழியா வாங்க. சீக்கிரம்."

லுவா என் கையை விடாமல் பிடித்திருந்ததால், அவளோடு சேர்ந்து நானும் முன்வாசலில் ஏறினேன். ஏறும்போது பழக்கத்தில் மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். சோறு தீய்ந்த வாசனை வந்தது. அடுப்பைப் பார்க்கத்தான் யாரும் இல்லையே. வேறு புகை எதுவும் இல்லை.

சாயங்காலம் பெரியப்பா என் கூடைக்குப் பக்கத்தில் வந்து குந்தினார். இஞ்சியும் உப்பும் எடுத்து வைத்தேன். ஒரு முட்டை தின்றார், இரண்டாவது தின்றார், கொஞ்சம் யோசித்து மூன்றாவதையும் கேட்டார். கனத்த கை கொடுத்த முட்டை கனத்த ராசியை எப்படிக் கழிக்கும் என்று நான் கேட்கவில்லை. முற்றிய முட்டையாகப் பார்த்து, கூடத் தின்கிற வாசனை இலையில் ஒன்றை மேலே கூடுதலாக வைத்துக் கொடுத்தேன்.